கஜேந்திரனும் பாதாளக் கரண்டியும்

உங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது அல்லவா? அப்படியானால் மோட்டார் எஞ்சினைப் பற்றி முக்கால்வாசி உங்களுக்குத் தெரியும். மிச்சமுள்ள கால்வாசியைத் தெரிந்துகொள்வதற்கு எனக்கு ரூ.52,900 செலவாயிற்று. உங்களுக்கு அந்தச் செலவு வைக்காமல் இந்த வாரம் அதைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2023-ம் வருஷம் தை மாதத்தில் என் மாமியாருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இடது முழங்காலை ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தவணை கொடுத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் பிஸியோதெரபிக்கு அழைத்துப் போகவேண்டும். ஆட்டோவில் காலை மடக்கி ஏறி உட்காருவதற்குள் பாவம், அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "ஒரு பழைய காராவது வாங்கிவிடுவோம்" என்று குடும்ப சபையில் தீர்மானம் நிறைவேறிற்று. எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆசாமி நான்தான். என் கணவருக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் கதவைத் திறக்கும் வரையில்தான்.

ரூ.2,10,000-க்கு ஒரு சின்னக் கார் கிடைத்தது. 2012-ல் பிறந்தது. விற்றவர் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். ஆகா! உள்ளே எஞ்சின் கல்யாணப் பெண் மாதிரி மினுமினுத்தது. பதினொரு வயசான எஞ்சின் அப்படி மினுமினுத்தால், அன்று காலையில்தான் யாரோ அதைக் குளிப்பாட்டியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பட்டுப் புடவையை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதையாயிற்று.

சித்திரை வெயிலில் ஒரு நாள், கோடம்பாக்கம் மேம்பாலத்தின் உச்சியில், புஸ்ஸென்று ஆவி கிளம்பி வண்டி நின்றது. பின்னால் நின்ற அத்தனை வண்டிகளும் ஏககாலத்தில் ஹாரன் அடித்தன. அன்று சாயங்காலம் என் மாமனார், "இனிமேல் இதற்குப் பெயர் கஜேந்திரன். தண்ணீரிலே கண்டம், நடுவழியிலே நின்று ஆதிமூலமே என்று அலறுகிறது" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

ஆதிமூலம் வரவில்லை, மெக்கானிக் வந்தார். "ரேடியேட்டர் அடைச்சிருக்கு" என்றார். தண்ணீரை இறக்கிக் காட்டியபோது அது காப்பி டிகாக்ஷன் மாதிரி இருந்தது. கூலண்ட் என்கிற திரவத்தை ஊற்றவேண்டிய இடத்தில் வருஷக்கணக்காக வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியதால் உள்ளே துருவேறிப் போயிருந்ததாம். புது ரேடியேட்டர் ரூ.6,200. "இனிமே பிரச்னையே வராதும்மா."

ஆனியில் பிரச்னை வந்தது. வேறொரு மெக்கானிக், வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் மாற்றினார். ரூ.5,400. ஆடியில் ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறியின் மோட்டார். ரூ.4,300. ஒவ்வொரு தடவையும் "இனிமே பிரச்னையே வராது" என்ற ஆசீர்வாதம் மட்டும் இலவசம்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஷெட்டில் நான் நின்று, "எதனால் சூடாகிறது?" என்று கேட்டால், அவர்கள் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்ப்பார்கள். "சார்கிட்ட சொல்றேம்மா" என்பார்கள். சாரும் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் புரிந்தவர் போல் தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்து, "என்னங்க சொன்னார்?" என்று கேட்டால், "ஏதோ பம்ப்பாம்" என்பார். இந்த மாதிரிதான் மூன்று பில்களுக்கும் பணம் கொடுத்தோம்.

*

ஆவணியில் காஞ்சீபுரத்தில் கல்யாணம். என் மாமியாரின் தங்கை பெண்ணுக்கு. தாயில்லாத அந்தப் பெண்ணை ஏழு வயசு வரையில் தூக்கி வளர்த்தவர் என் மாமியார். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். விடியற்காலையில் புறப்பட நினைத்து, வழக்கம்போல் ஏழரைக்குப் புறப்பட்டோம்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், எதிரே இருக்கும் சின்ன ஊசி மெள்ள மெள்ள மேலே ஏறுவதைப் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். "இன்னும் கொஞ்ச தூரந்தானே, முகூர்த்தம் தவறிவிடப் போகிறதே" என்று மிதித்தேன். ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். சுங்குவார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கஜேந்திரன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றான். பானெட்டைத் தூக்கினால் வைகுண்டம் மாதிரி ஒரே வெண்புகை.

என் கணவர் அவசரமாகக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். சாலையோரம் நின்ற லாரியிலிருந்து ஒரு வயசான டிரைவர், "ஐயா! தொடாதீங்க! மூஞ்சி வெந்துடும்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் புண்ணியத்தில் என் கணவரின் முகம் பிழைத்தது. அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகு அவரே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் எங்கேயோ போயிற்று, எஞ்சின் கிளம்பவில்லை.

மாமியார் ஒரு புளியமரத்தடியில், காலை நீட்டிக்கொண்டு, பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த அட்சதைப் பொட்டலத்தைப் பிரித்து, காஞ்சீபுரம் இருக்கிற திசையைப் பார்த்து இரண்டு அரிசியைப் போட்டார். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

*

அந்த இரண்டு கிலோமீட்டரில் என்ன நடந்தது என்பதை இனிக் குக்கரை வைத்துச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அந்த வாயுவின் உஷ்ணம் இரண்டாயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே போகிறது. எஞ்சினின் தலைப்பாகத்தை, அதாவது 'ஹெட்' என்பதை, இந்தக் காலத்துக் கார்களில் அலுமினியத்தில் செய்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பின்னே எப்படி உருகாமல் இருக்கிறது? சுற்றிலும் ஓயாமல் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்புவதால்தான். அடுப்பில் காலிப் பாத்திரத்தை வைத்தால் கருகிப்போகிறது, தண்ணீர் உள்ள பாத்திரம் கருகுவதில்லை அல்லவா? அதே சமாசாரம்.

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடியல்ல. நம் குக்கர் வெயிட் செய்கிற காரியத்தை அது செய்கிறது. உள்ளே அழுத்தத்தை ஏற்றி, நூறு டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீரைச் சுமார் 120 டிகிரி வரையில் கொதிக்காமல் பிடித்து வைக்கிறது. விசில் அடங்காத குக்கரை நீங்கள் திறப்பீர்களா? கனவில்கூடத் திறக்கமாட்டீர்கள். ஆனால் அந்தக் குக்கர் பானெட்டுக்குள் இருந்தால் மட்டும் மெத்தப் படித்தவர்கள்கூடக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

குக்கருக்குக் கேஸ்கெட் இருக்கிறது, எஞ்சினுக்கும் இருக்கிறது. ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் மெல்லிய தகடாக உட்கார்ந்துகொண்டு, எரிகிற வாயு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது காவல் காக்கிறது. நாத்தனார், ஓரகத்தி, மாமியார் மூவரையும் ஒரே சமையலறையில் சண்டை வராமல் வைத்திருப்பது போன்ற உத்தியோகம்! தண்ணீர் வற்றி ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம் கோணிக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கோணினாலே போதும், கேஸ்கெட் போய்விடும். பிறகு தண்ணீர் எண்ணெயிலும், வாயு தண்ணீரிலும் புகுந்துவிடும்.

குக்கர் கேஸ்கெட் போனால் கடைக்குப் போய் வேறு வாங்கி மாட்டிவிடுகிறோம். எஞ்சின் கேஸ்கெட் தகடும் விலை அதிகமில்லைதான். ஆனால் அதை மாற்ற 'ஹெட்டை இறக்கவேண்டும்'. இந்த வார்த்தையை மெக்கானிக் சொன்னால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு கேட்பது நல்லது. பாதி எஞ்சினைப் பிரித்து, கோணின ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு அனுப்பிச் சமனாக இழைத்து, மறுபடி பூட்டவேண்டும். எங்களுக்கு அதற்கு ஆன செலவு ரூ.31,500. நான் மிதித்த இரண்டு கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் ரூ.15,750 வீதம். ஆகாய விமானத்தில்கூட அந்த வாடகை கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேட்டால், விபத்தில் நொறுங்கியிருந்தால் கொடுக்கலாம், தானாகக் கெட்டதற்குச் சாதாரண பாலிசியில் இடமில்லை என்றார்கள். அதுதான் பொதுவான விதியும்கூட.

*

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடினான் கஜேந்திரன். கார்த்திகையில் மறுபடி ஊசி ஏறிற்று. இந்தத் தடவை உடனே நிறுத்தி, வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இரண்டு தடவை இழுத்ததற்கும் சேர்த்து ரூ.5,500. எல்லாவற்றையும் கூட்டினால்தான் மேலே சொன்ன ரூ.52,900.

இந்தத் தடவை போனது ஒரு பெரியவரின் ஷெட். அவர் என்னைத்தான் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கருவியைச் செருகி அழுத்தம் எவ்வளவு என்று எனக்கே காட்டினார். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கவேண்டுமாம். ஒன்று மட்டும் பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து விரலால் வழித்துக் காட்டினார். பால் காப்பி மாதிரி இருந்தது.

"எஞ்சினை முழுசா இறக்கி வேலை பார்க்கணும்மா. எழுபத்தெட்டாயிரம் ஆகும். பண்ணித் தரேன், காசும் வாங்கிக்குவேன். ஆனா எத்தனை நாள் ஓடும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் வாக்குவாதம். "இவ்வளவு போட்டாயிற்று, இப்போது விட்டால் போட்டதெல்லாம் வீண்" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. கையில் இருந்த பணம் மாமியாரின் இடது முழங்காலுக்காக, இன்ஷூரன்ஸ் போக நாங்கள் போடவேண்டிய பங்காக, சேர்த்து வைத்தது. "அதை எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாமே" என்று மெதுவாகப் பேசிக்கொண்டோம். மெதுவாகத்தான் பேசினோம், ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குக் காது உண்டு.

காலையில் சமையலறைக்கு மாமியார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். மேடையின் மேல் தம் இரண்டு வளையல்களைக் கழற்றி வைத்தார்.

"இதை வச்சு வண்டியைச் சரி பண்ணும்மா. எனக்காகத்தானே வாங்கினீங்க? என் காலாலே உங்களுக்கு இத்தனை கஷ்டம்."

"அத்தை, சுங்குவார்சத்திரத்திலே ஊசியைப் பார்த்துக்கிட்டே ஓட்டினது நான். உங்கள் கால் இல்லை" என்றேன். அதுவரையில் யாரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க ஊர்லே கிணத்துலே வாளி விழுந்தா பாதாளக் கரண்டி போட்டு எடுப்பாங்க. கரண்டியும் அறுந்து உள்ளே விழுந்தா, அதை எடுக்க இன்னொரு கரண்டி போடுவாங்களா என்ன? போனது போகட்டும்னு கயிறையாவது காப்பாத்திக்குவாங்க" என்றார்.

வளையலை அவர் கையிலேயே மாட்டிவிட்டு, காகிதமும் பென்சிலும் எடுத்தேன். போன பணத்தை விட்டுவிட்டு, இனிமேல் போகப்போகிற பணத்தை மட்டும் எழுதினேன். வாடகைக் கார் போகவர ரூ.400, வாரத்துக்கு இரண்டு தடவை, வருஷத்துக்கு ரூ.41,600. டாக்டர், கோயில், நல்லது கெட்டது என்று மாதம் ஆயிரம், ஆக ரூ.53,600. எஞ்சினுக்கோ ரூ.78,000; அதற்கு மேல் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், அடுத்த "இனிமே பிரச்னையே வராது". நாங்கள் ஏற்கெனவே ரிப்பேருக்குக் கொட்டிய பணத்திலேயே மாமியார் ஏறக்குறைய ஒரு வருஷம் ராணி மாதிரி வாடகைக் காரில் போய் வந்திருக்கலாம்! விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

*

ஆனால் சோதனை இனிமேல்தான் இருந்தது.

தரகர் ஒருவர் வந்தார். "குளிப்பாட்டி வச்சு, காலையிலே காட்டுங்க. பத்து நிமிஷம் ஓட்டினா ஊசி ஏறாது. ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கித் தரேன்" என்றார். எங்களுக்கும் இப்படித்தான் ஒருவர் குளிப்பாட்டிக் காட்டினார் என்பது அப்போது புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையுடன் வந்தார்கள். பையன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். முகமெல்லாம் சந்தோஷம். நேயர்களே, உங்களிடம் மறைப்பானேன்? நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம் என்பது ஒரு முழங்கால் செலவின் பெரும் பங்கு.

மாமியார் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். "வண்டியை எடுத்துக்கிட்டு முதல்லே எங்கேம்மா போகப்போறே?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"திண்டிவனத்துக்கு. எங்க அம்மா வீட்டுக்கு. குழந்தைக்கு முடியிறக்கணும்" என்றாள் அவள்.

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். எனக்குப் புளியமரமும் அட்சதையும் கண்முன் வந்துவிட்டன. அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப்போய், ஹெட் இறக்கியது, பால் காப்பி எண்ணெய், ஒற்றைச் சிலிண்டர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். தரகர் அன்றிலிருந்து என் டெலிபோனை எடுப்பதில்லை.

கஜேந்திரனைக் கடைசியில் அந்தப் பெரியவரே ரூ.48,000-க்கு வாங்கிக்கொண்டார். தம் கையாலேயே பிரித்துக் கட்டி ஓட்டப்போவதாகச் சொன்னார். கூலி இல்லாத வேலை, அவருக்குக் கட்டுப்படியாகும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறும் வரையில் நான் அவரை விடவில்லை. பெயர் மாறாவிட்டால் விற்ற வண்டி மோதிய வழக்குக்கும் பழைய சொந்தக்காரரே பதில் சொல்லவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு டெலிபோன். அந்தப் பெண்தான். "அக்கா, இன்னொரு வண்டி பார்த்திருக்கோம். நீங்க கூட வந்து பார்க்கிறீங்களா?" என்றாள். போனேன். அங்கே நான் பார்த்தவற்றை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வருமுன் கிளப்பவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கவேண்டும். ஆறியிருக்கும்போது மட்டும் கூலண்ட் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ, தெளிவாக இருக்கவேண்டும். டிகாக்ஷன் நிறமோ எண்ணெய் மிதப்பதோ ஆகாது. எண்ணெய் மூடியின் அடியில் பால் காப்பி தெரிந்தால் காலணியை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். ஏ.சி.யைப் போட்டு அரைமணிக்குக் குறையாமல் ஓட்டி, ஊசியைப் பாருங்கள். ஊசி இல்லாத வண்டிகளில் சிவப்பு விளக்கு எரியும்.

வழியில் சூடு ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரைத் திறந்துவிட்டு ஓரங்கட்டுங்கள். நமக்கு வேர்க்கும், வேர்வைக்குச் செலவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு அரைமணியாவது காத்திருங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும்.

ஷெட்டில் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேளுங்கள். "சார்கிட்ட சொல்றேன்" என்றால், "ஓட்டுகிறவள் நான், என்னிடம் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மாமியாரின் இடது முழங்கால் ஆபரேஷன் 2024 வைகாசியில் நல்லபடியாக முடிந்தது. வாடகைக் காரில் போய் வருகிறார். ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டதும், டிரைவரிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்:

"ஏம்ப்பா, ஊசி எங்கே இருக்கு?"